டைலுக்குப் பின்னால் இருக்கிறது சிக்கனம்

குளியலறையைச் செப்பனிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு டைல்ஸ் கடைக்குக் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. திருச்சியானாலும் திருப்பூரானாலும், ஊருக்குள் நுழையும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் கண்ணாடி முகப்போடு கடைகள் நிற்கின்றன. அடர்நிறம், இளநிறம், நடுவில் பூவோ அலையோ போட்ட ‘ஹைலைட்டர்’ என்று மூன்று மூன்றாக அடுக்கிக் காட்டுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்த மூன்று நிறங்களுக்குப் போய்விடுகிறது. மிச்சத்தில் சிமென்ட், மணல், கொத்தனார் கூலி. நீர்த்தடுப்புப் பூச்சு என்ற பேச்சு வரும்போது பணமும் தீர்ந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும்.

இரண்டு மழைக்காலம் போனதும் குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில், படுக்கையறை அலமாரிக்குப் பின்னால், பெயின்ட் உப்பி உதிர்கிறது. கீழ்வீட்டுக் கூரையில் பழுப்பு நிறத்தில் வட்டம் விழுகிறது. மேலே ஒட்டிய டைல்ஸ் பளபளப்பாகவே இருக்கிறது. உள்ளே சுவர் கெட்டுவிட்டது. மறுபடியும் உடைப்பு, மறுபடியும் கடை, மறுபடியும் கடன்.

குளிக்கும் இடத்துச் சுவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் எதை ஒட்டலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: கடையில் உள்ளவற்றில் எளிமையான, வெளிர் நிற டைலை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை அதன் பின்னால் செலவிடுங்கள். சுவருக்குள் தண்ணீர் இறங்காமல் காப்பவை பின்னால் பூசும் பூச்சு, டைலைப் பிடித்துவைக்கும் பசை, இணைப்புகளை அடைக்கும் கலவை, இவற்றை அவசரமில்லாமல் செய்யும் கை. கண்ணுக்குத் தெரியாத இந்த நான்கிலும் கஞ்சத்தனம் காட்டிவிட்டுக் கண்ணுக்குத் தெரியும் ஒன்றில் தாராளம் காட்டுவதுதான் நம் குளியலறைகளை இவ்வளவு செலவு மிக்கவையாக ஆக்கியிருக்கிறது.

புழக்கடையிலிருந்து படுக்கையறைக்கு

பழைய வீடுகளில் குளியலறை புழக்கடையில் இருந்தது. கிணற்றடிக்குப் பக்கத்தில் நாலு சுவர், மேலே ஓடோ கீற்றோ, பல வீடுகளில் கூரையே இல்லை. குளித்த தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் ஓடியது. செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த சுவர் நனைந்தாலும் வெயிலிலும் காற்றிலும் பொழுதுசாய்வதற்குள் காய்ந்துவிடும். அந்தச் சுவருக்கு உறை தேவைப்படவில்லை. சுவரை அழகுபடுத்துவது என்பது முன்கட்டோடு நின்றது. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய பூச்சும், ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த பூவேலைச் சதுரங்களும் விருந்தினர் கண்ணில் படும் சுவர்களுக்கு உரியவை.

இன்று குளியலறை படுக்கையறைக்குள் வந்துவிட்டது. இரண்டாவது மாடியில், மூன்றாவது மாடியில், நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்றின் இந்தப் பக்கம் ஷவர், அந்தப் பக்கம் துணி அலமாரி. ஒற்றை வென்டிலேட்டர், அதிலும் வெயில் படாது. காலையில் நனைந்த சுவர் இரவுவரை ஈரமாகவே நிற்கிறது. நான்கு பேர் குளிக்கும் வீட்டில் அது முழுதாகக் காய்வதே இல்லை. இடம் மாறிய குளியலறைக்குக் கட்டும் முறையும் மாறியிருக்க வேண்டும். மாறியது டைலின் அளவும் நிறமும்தான். 1980களில் ஆறங்குல வெள்ளைச் சதுரத்தை இடுப்புயரத்துக்கு ஒட்டினோம். இன்று ஓரடிக்கு இரண்டடி டைலைக் கூரைவரை ஒட்டுகிறோம். பின்னால் இருக்கும் கலவையோ பெரும்பாலான வீடுகளில் அன்றைய கலவையே.

ஓதம் ஏறிய சுவர் அழகுக் குறைவோடு நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வீட்டுக்குள் நிலவும் ஈரத்தையும் பூஞ்சையையும் ஆஸ்துமா உள்ளிட்ட மூச்சுக் கோளாறுகளோடு தொடர்புபடுத்துகிறது. குழந்தை படுக்கும் அறையின் சுவரில் கறுப்புப் புள்ளிகள் பூத்தால் பெயின்டரைக் கூப்பிடுவது போதாது. சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் கசிவு எங்கே?

உறையை மாற்றுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தரையிலுள்ள வடிகால் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, இரண்டங்குலத் தண்ணீர் தேக்கி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். கீழ்வீட்டுக் கறை பெரிதானால் கசிவு தரையில். தரை சும்மா இருந்து, யாரும் குளிக்காத நாளிலும் சுவர் நனைந்துகொண்டே இருந்தால், சுவருக்குள் ஓடும் குழாயில் பழுது இருக்கலாம். இருபது முப்பது ஆண்டுக்கு முந்தைய வீடுகளில் உள்ளே இருப்பது இரும்புக் குழாய். துத்தநாகப் பூச்சு தேய்ந்து, துருப்பிடித்து, ஊசித் துளை விழும் காலம் அதற்கு வந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் டைலை மட்டும் மாற்றினால் கொடுத்த காசு அத்தனையும் வீண். சுவர் திறந்திருக்கும் அந்தச் சில நாட்களில் குழாயை மாற்றி, அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட வேண்டும்.

கசிவு குளிக்கும் மூலையில்தான் என்று உறுதியானால் அடுத்த சோதனை. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைலின் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டுங்கள். ‘டிக்’ என்று கெட்டியாகக் கேட்டால் அது பிடிப்போடு இருக்கிறது. ‘டொக்’ என்று உள்ளீடில்லாத சத்தம் வந்தால் கொத்தனார்கள் பொக்கு என்பார்கள். பின்னால் காற்று இருக்கிறது, கூடவே தண்ணீரும் இருக்கலாம். பொக்கு டைல்களைப் பென்சிலால் குறியிட்டு எண்ணிப் பாருங்கள். ஏழெட்டுதான் என்றால் அவற்றை மட்டும் பெயர்த்து மாற்றலாம். முழுச் சுவரையும் உடைக்கத் தேவையில்லை. எல்லாமே கெட்டி, இணைப்பு மட்டும்தான் உதிர்ந்திருக்கிறது என்றால், பழைய நிரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்தாலே போதும். எல்லாவற்றிலும் மலிவான செப்பனிடல் இதுதான். ஒப்பந்தக்காரர்கள் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

டைலின் முதுகு

உடைத்த சுவரிலிருந்து கழன்று விழும் டைல் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து சிமென்ட் உருண்டைகள் ஒட்டியிருக்கும். உருண்டைகளுக்கு இடையே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் பச்சையும் கறுப்புமாய்ப் பாசி வழுவழுத்திருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் சேற்று நாற்றம் வரும். இணைப்பு வழியாக நுழைந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கே தங்கியிருந்ததற்கான சாட்சி அது. உருண்டை வைத்து அழுத்தினால் சுவரின் மேடுபள்ளம் மறையும், வேலையும் வேகமாக நடக்கும். டைலின் முதுகு முழுவதும் கலவை படாது.

சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் டைலின் முகம் கண்ணாடி மெருகு கொண்டது. அதில் தண்ணீர் ஏறாது. முதுகோ சுட்ட மண். இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 15622, டைல்களை அவை உறிஞ்சும் நீரின் அளவைக் கொண்டுதான் பிரிக்கிறது. சுவர் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் நீரை உறிஞ்சும். விட்ரிஃபைடு டைல் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. வேட்டி நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் முழங்காலுக்கு ஏறுவதுபோல, இணைப்பில் இறங்கிய நீர் செராமிக்கின் முதுகில் பரவிச் சுவரை எட்டும்.

அப்படியானால் விட்ரிஃபைடு வாங்கிவிடலாமே என்று தோன்றும். கூடுதல் விலை கொடுத்து அப்படி வாங்கியவர்களின் சுவரில்தான் டைல் அதிகமாகக் கழன்று விழுகிறது. செராமிக் டைலைத் தண்ணீரில் ஊறவைத்து, சிமென்ட் பால் தடவி ஒட்டுவது நம் கொத்தனார்கள் தலைமுறையாகக் கற்ற முறை. மண் முதுகு சிமென்ட் பாலை உறிஞ்சிக்கொண்டு பிடிக்கும். உறிஞ்சவே உறிஞ்சாத விட்ரிஃபைடு டைலில் அந்த சிமென்டுக்குப் பிடிமானம் கிடையாது. அதற்கு டைல் பசை வேண்டும். பசைகளுக்கும் ஐஎஸ் 15477 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. ஐந்து வகைகளாக அது பிரிக்கிறது, மூட்டையின் மேலேயே அச்சிட்டிருக்கும். 20 கிலோ மூட்டை ஒன்று, பல்வெட்டுக் கரண்டியால் சீராக இழுத்தால், சுமார் 50 சதுர அடிக்கு வரும். விலையுயர்ந்த டைலைச் சாதாரண சிமென்டில் ஒட்டுவதைவிட, விலை குறைந்த டைலைத் தரமான பசையில் முதுகு முழுக்கப் படும்படி ஒட்டுவது எத்தனையோ மேல்.

இணைப்பு இன்னொரு கதை. “ஜாயின்ட் ஃப்ரீயா போட்டுடலாம் சார், கோடே தெரியாது” என்று சொல்லாத மேஸ்திரி குறைவு. டைலோடு டைல் முட்டினால் நிரப்புக் கலவை உள்ளே இறங்க இடமே இருக்காது. மேலே தடவிய வெள்ளை சிமென்ட் சில மாதங்களில் பொடிப்பொடியாக உதிரும். சுவரும் டைலும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதற்கும் இடம் வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, பிளாஸ்டிக் ஸ்பேசர் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். எல்லா இணைப்பையும் விலை கூடிய எபாக்ஸி நிரப்பால் அடைக்கக் கட்டுப்படியாகாது என்றால், ஷவருக்கு நேர்கீழ் உள்ள மூலைக்கும் தரைக்கும் மட்டுமாவது எபாக்ஸி போடுங்கள். மற்ற இடங்களுக்குப் பாலிமர் கலந்த சாதாரண நிரப்பு போதும்.

எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது

இப்போது தேர்வுக்கு வருவோம். குளிக்கும் மூலைக்கு என் முதல் பரிந்துரை மெருகேற்றிய, வெள்ளை அல்லது தந்த நிறச் செராமிக் டைல். விலையில் குறைந்தது, எந்த ஊரிலும் கிடைக்கும், எந்தக் கொத்தனாருக்கும் கைவந்தது. இன்னொரு பெரிய நன்மை: ஐந்தாண்டு கழித்து நான்கு டைல் உடைந்தால் அதே நிறத்தில் வாங்கிவிடலாம். பூப்போட்ட டைலின் வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறிவிடும், ஒன்று உடைந்தால் சுவர் முழுவதும் மாற்ற வேண்டிவரும். எந்த டைலை வாங்கினாலும் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரண்மேல் வையுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் நிற எண்ணும் தொகுதி எண்ணும் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றுதானா என்று கடையிலேயே சரிபாருங்கள்; மாறியிருந்தால் ஒட்டிய பிறகு சுவரில் பட்டை பட்டையாக நிறம் பிரியும்.

இந்த நாட்டில் ஒட்டப்படும் டைல்களில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் சுடப்பட்டு லாரியில் வருகிறது. சீனாவுக்கு அடுத்தபடி டைல் உற்பத்தியில் இந்தியா நிற்பதற்கு அந்த ஒரு நகரமே முக்கியக் காரணம். இவ்வளவு போட்டி இருப்பதால் எளிய டைலின் தரம் ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் அதிகம் வேறுபடாது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அச்சிட்ட படத்துக்கும் பெரிய அளவுக்கும் உரியது. தள்ளுபடியில் கிடைக்கும் ‘செகண்ட்ஸ்’ டைலை வாங்கலாமா என்று கேட்பார்கள். நிறத்தில் சிறு குறை இருந்தால் தாராளமாக வாங்கலாம். இரண்டு டைலை முகத்துக்கு முகம் ஒட்டவைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது வளைந்திருக்கிறது. வளைந்த டைலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

இரண்டாவது, டைல்மேல் டைல். பழைய டைல் கெட்டியாக இருந்து, கசிவும் இல்லாமல், தோற்றம் மட்டும்தான் பிடிக்கவில்லை என்றால் உடைக்காமல் அதன்மேலேயே ஒட்டலாம். உடைப்புக் கூலியும் இடிபாடு அள்ளும் செலவும் மிச்சம். இதற்கு மேல்தர வகைப் பசை வேண்டும், பழைய டைலின் மெருகைச் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். சுவர் அரையங்குலம் தடித்துவிடும் என்பதால் குழாய் வாய்களுக்கு நீட்டிப்பு நிப்பிள் போட வேண்டிவரும், கதவு திறக்க இடம் போதுமா என்று முன்பே அளந்துகொள்ள வேண்டும். கசியும் சுவரில் இந்த வழியைத் தொடவே கூடாது.

மூன்றாவது, அண்மைக் காலத்தில் எல்லாக் கடைகளிலும் தொங்கும் பிவிசி பேனலும், பளிங்குபோல் அச்சிட்ட எட்டடிக்கு நாலடி யூவி ஷீட்டும். ஒரே நாளில் வேலை முடியும், தூசி இல்லை, பார்க்கவும் நன்றாக இருக்கும். கைகழுவும் பேசின் சுவருக்கும், கழிப்பறைப் பக்கத்துக்கும், அறைக் கூரைக்கும் இவை பொருந்தும். ஷவர் மூலைக்கு நான் தயங்குவேன். உள்ளே கூடாக இருக்கும் பேனலின் இணைப்பு வழியே தண்ணீர் பின்னால் போனால் அது வெளியே தெரியாது. ஓதம் ஏறிய சுவரின் மேல் பேனல் அடித்தால் ஓதம் நிற்காது, மறைந்திருந்து வளரும். கீசரிலிருந்து வரும் சூட்டிலும் மெல்லிய பேனல் வளையும். கட்டாயம் இதைத்தான் போட வேண்டும் என்றால், இணைப்பு குறைவாக வரும் பெரிய ஷீட்டை, நன்றாகக் காய்ந்த, நீர்த்தடுப்புப் பூசிய சுவரில், விளிம்பெல்லாம் சிலிகான் அடைத்து ஒட்டுங்கள்.

கடப்பா கல் மலிவு என்று சிலர் சுவருக்கும் போடுகிறார்கள். அது சுண்ணாம்புக் கல். ஆசிட் பட்டால் அரிக்கும். கிரானைட் அப்படியில்லை. கிரானைட் பட்டறைகளில் சமையல் மேடைக்கு வெட்டிய பிறகு மிஞ்சும் ‘கட் பீஸ்’ குறைந்த விலைக்குக் கிடைக்கும். சோப்பு வைக்கும் பலகை, வாசற்படி, சுவரும் தரையும் சேரும் இடத்துப் பட்டை என்று தண்ணீர் அதிகம் தங்கும் இடங்களுக்கு அதைவிட உழைக்கும் பொருள் இல்லை.

கையில் பணமே இல்லை, அடுத்த ஆண்டுதான் டைல் என்றால், பழைய பூச்சைக் கொத்திவிட்டு, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமென்ட் பூச்சைத் தேய்த்து முடித்து, ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற்றி, மேலே நீர்த்தடுப்புப் பூச்சு அடித்துவிட்டுக் காத்திருக்கலாம். டைல் இல்லாத நல்ல சுவர், டைல் ஒட்டிய கெட்ட சுவரைவிடப் பல மடங்கு மேலானது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

உப்புத் தண்ணீர் ஊர்களுக்கு ஒரு சொல்

தமிழ்நாட்டில் பாதிப் பேர் குளிப்பது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் என்று சொல்லும் அளவுக்கு வீட்டுக்கு வீடு போர் இருக்கிறது. அந்தத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சுவரில் காய்ந்து வெள்ளைத் திட்டாகப் படிகிறது. கறுப்பு, கருநீலம், சாக்லேட் நிற டைலில் அது ஒரே மாதத்தில் கண்ணைக் குத்தும். சொரசொரப்பான ‘மேட்’ டைலின் குழிகளில் படிந்தால் தேய்த்தாலும் போகாது. தரைக்குச் சொரசொரப்பு கட்டாயம். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சுவருக்கு மெருகேற்றிய வெளிர் நிறமே நல்லது.

கறையைப் போக்க வாரம் தவறாமல் ஆசிட் ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆசிட் சுண்ணாம்புக் கறையைக் கரைக்கிறது. அதே வேகத்தில் இணைப்பில் உள்ள சிமென்டையும் கரைக்கிறது. சுவர் பளிச்சிடும்போதே அதற்குள் தண்ணீர் போகும் வாசல் திறந்துவிடுகிறது. குளித்து முடித்ததும் ரப்பர் துடைப்பானால் சுவரை மேலிருந்து கீழாக ஒருமுறை வழித்துவிட்டாலே கறை படியாது. கொஞ்சம் வினிகரில் நனைத்த துணியால் துடைத்து உடனே தண்ணீர் விட்டுக் கழுவுவது, படிந்துவிட்ட இளங்கறைக்குப் போதும். இந்தப் பழக்கத்துக்குச் செலவே இல்லை.

காகிதத்தில் ஒரு கணக்கு

ஐந்தடிக்கு ஏழடி குளியலறையை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 24 அடி. ஏழடி உயரத்துக்கு முழுதாக ஒட்டினால், கதவு போக 150 சதுர அடி. உண்மையில் தண்ணீர் தெறிக்கும் இடம் குளிக்கும் மூலைதான்: ஐந்தடிச் சுவர் ஒன்றும், அதன் இருபக்கமும் மூன்று மூன்று அடியும். அங்கே மட்டும் ஏழடி உயரம். மற்றச் சுவர்களுக்கு நாலடி போதும். இப்படிப் போட்டால் 119 சதுர அடிதான் வரும். நாலடிக்கு மேலே நல்ல பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். சுவர் மூச்சுவிடவும் வழி கிடைக்கும்.

வெட்டுச் சேதம் பத்து சதவீதம் சேர்த்து, முதல் கணக்குக்கு 165 சதுர அடி, இரண்டாவதுக்கு 131. எடுத்துக்காட்டாக, சதுர அடி 90 ரூபாய் டைலை முழுச் சுவருக்கும் வாங்கினால் 14,850 ரூபாய். சதுர அடி 40 ரூபாய் டைலைத் தேவையான இடத்துக்கு மட்டும் வாங்கினால் 5,240 ரூபாய். மிச்சம் 9,610 ரூபாய். தரை, குளிக்கும் மூலை, மற்றச் சுவர்களின் அடியில் ஓரடி என்று நீர்த்தடுப்புப் பூச வேண்டிய பரப்பு ஏறக்குறைய 120 சதுர அடி. அந்தப் பூச்சுப் பொருளையும், மூலைகளில் பதிக்கும் வலைத்துணியையும், மூன்று மூட்டைப் பசையையும் பெரும்பாலும் இந்த மிச்சத்துக்குள்ளேயே வாங்கிவிடலாம். ஆகவே இதற்குத் தனியாகப் பணம் புரட்ட வேண்டியதில்லை; இருக்கும் பணத்தை இடம் மாற்றினால் போதும்.

பூச்சுக்கும் முறை உண்டு. சுவரும் தரையும் சேரும் கோணத்தைக் கலவையால் சற்றே வளைவாக்கி, வலைத்துணி பதித்து, முதல் கோட் ஒரு திசையில், அது காய்ந்தபின் இரண்டாவது கோட் குறுக்குத் திசையில். குழாய் வெளியே வரும் வாய்களைச் சுற்றி இன்னொரு கை. பிறகு தண்ணீர் தேக்கி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் டைலைத் தொட வேண்டும். தரையின் வாட்டம் நாலடிக்கு முக்கால் அங்குலமாவது வடிகாலை நோக்கி இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கைப்பிடி வைக்கப்போகும் இடத்தை இப்போதே முடிவுசெய்து, அங்கே பொக்கு இல்லாமல் நிரப்பச் சொல்லுங்கள். வெற்றிடத்தில் அடித்த திருகு ஆள் எடையைத் தாங்காது.

வேலை செய்யும் கைகள்

இவ்வளவையும் செய்து முடிக்க வேண்டியவர் டைல்ஸ் கொத்தனார். அவருக்கு நாம் சதுர அடிக் கணக்கில் கூலி பேசுகிறோம். ஒருநாளில் எவ்வளவு ஒட்டினாரோ அவ்வளவு வருமானம். பூச்சு காயக் காத்திருக்கும் நாளுக்கும், தண்ணீர் தேக்கிப் பார்க்கும் நாளுக்கும் அவருக்குக் கூலி கிடையாது. அப்படியிருக்க அவர் ஏன் காத்திருப்பார்? குளியலறை வேலைக்கு மட்டுமாவது நாள் கூலியோ, வேலை முடிவுக்கு மொத்தக் கூலியோ பேசுங்கள். அவசரத்தைக் குறைக்க இதைவிட நேரடியான வழி இல்லை.

அவருடைய உடம்பும் நம் கணக்கில் வர வேண்டும். டைலை உலர்ந்தபடி கட்டரால் அறுக்கும்போது எழும் வெண்புகையில் நுண்ணிய சிலிக்கா தூசி இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் இறுகிப்போகும் சிலிகோசிஸ் வரும், வந்தால் திரும்பாது. டைலைச் சுடும் தொழிற்சாலைகளிலும் கல்குவாரிகளிலும் உழைப்பவர்களை வதைக்கும் அதே நோய்தான் இது. தண்ணீர் சொட்டவிட்டு அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு முகக்கவசமும் தருவது வீட்டுக்காரரின் கடமை. குறைவாக வெட்ட வேண்டிய அளவில் டைலைத் தேர்வு செய்வதும் அந்தக் கடமையில் சேரும். 12க்கு 18 அங்குல டைலைச் சின்னக் குளியலறையில் ஒட்டும்போது வெட்டும் குறைவு, சேதமும் குறைவு.

அரசும் கடைகளும் செய்ய வேண்டியவை

தனிமனிதர் விழிப்பாக இருந்தால் மட்டும் போதாது. சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க் அரசுக் குடியிருப்பில் 2021இல் சுவர்ப்பூச்சு கைபட்டாலே உதிர்ந்தபோது மாநிலமே அதிர்ந்தது. சென்னை ஐஐடி வல்லுநர்கள் ஆய்வுக்கு அழைக்கப்பட்டார்கள். பூச்சு கெட்டால் அதன்மேல் எதை ஒட்டினாலும் நிற்காது என்பதை அந்த ஏழைக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் கண்டன. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு கட்டிக்கொள்ளும் குடும்பத்துக்கு, ஐந்தாண்டில் குளியலறையை இரண்டாம் முறை உடைக்கும் வசதி இருக்காது. அரசு உதவியோடு எழும் ஒவ்வொரு வீட்டிலும் குளியலறை நீர்த்தடுப்பைத் தனி இனமாகச் சேர்த்து, தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகே அடுத்த தவணையை விடுவிக்க வேண்டும்.

2017 நவம்பரில் டைல்ஸ் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 2025 செப்டம்பரில் சிமென்டுக்கும் அதே குறைப்பு வந்தது. வரி குறைந்ததால் மிஞ்சிய ரூபாய் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அது சுவருக்குள் போக வேண்டுமானால் வாங்குபவருக்கு விவரம் தெரிய வேண்டும். ஒவ்வொரு டைலுக்கும் பக்கத்தில் விலையோடு அதன் நீர் உறிஞ்சும் அளவு, சுவருக்கா தரைக்கா என்பது, எந்த வகைப் பசை தேவை என்பது ஆகிய மூன்றையும் கடைகள் தமிழில் எழுதிவைக்க வேண்டும். ஐடிஐக்களில் டைல் ஒட்டும் பயிற்சியோடு நீர்த்தடுப்புப் பயிற்சியும் சேர வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவுசெய்த கொத்தனார்களுக்கு, கூலி இழப்பில்லாமல் ஒருவாரப் பயிற்சி கொடுக்க அரசு முன்வர வேண்டும். புதிய பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருபவர்கள் அதை ஒட்டக் கற்றுக்கொடுக்கும் செலவையும் ஏற்பதுதான் நியாயம்.

அதுவரை வீட்டுக்காரர் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது: மதிப்பீட்டுத் தாள். வேலையைத் தொடங்கும் முன் அதில் நான்கு வரிகளை எழுதி வாங்குங்கள். நீர்த்தடுப்பு இத்தனை கோட், இன்ன பரப்புக்கு. தண்ணீர் தேக்கி இரண்டு நாள் சோதனை. டைலின் முதுகு முழுதும் படும்படி இன்ன வகைப் பசை. இரண்டு மில்லிமீட்டர் இணைப்பு, இன்ன நிரப்பு. டைலின் பெயரும் நிறமும் இந்த நான்குக்கும் பிறகு ஐந்தாவதாக வரட்டும். இதை எழுதிக் கையொப்பமிடத் தயங்கும் ஒப்பந்தக்காரரிடம், எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும், வேலையைக் கொடுக்காதீர்கள்.